பி.ஜி.எம். போடுவதற்கு முன் ஒரு வார்த்தை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் புதிர் விளையாட்டு உருவாக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் படைப்பாளிகளுக்கு,

பொன்னேரி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துக்கொண்டோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டோ, ராத்திரியில் லேப்டாப்பைத் திறந்து சொந்தமாக வீடியோ கேம் செய்து பார்க்கும் எல்லோருக்கும் இந்த மடல். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாமல், ஆடுபவரை உட்கார வைத்து யோசிக்க வைக்கும் புதிர் விளையாட்டில் இறங்கியிருப்பவர்களுக்கு இது குறிப்பாக எழுதப்படுகிறது.

அப்படிப்பட்ட ஆட்டம் முடியும் தறுவாயில், பெரும்பாலும் கடைசி வாரத்தில், ஒரு கேள்வி எழும்: “பி.ஜி.எம். என்ன போடலாம்?” இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பியானோ மெட்டையோ புல்லாங்குழல் துணுக்கையோ இறக்கி, லூப்பில் ஓடவிட்டு, ஒலி வேலை முடிந்தது என்று கணக்கை மூடிவிடுவார்கள். என்ன போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், போடத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம் என்பதே இந்த மடலின் வேண்டுகோள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் காதுகள் சினிமாவின் ரீ-ரெக்கார்டிங்கில் வளர்ந்தவை. ஆனால் சினிமா இசையமைப்பாளருக்கு ஒரு வசதி உண்டு. காட்சி எத்தனை விநாடி ஓடும், கதாநாயகன் எந்த விநாடியில் திரும்புவான் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். புதிர் விளையாட்டில் அந்த நேரம் ஆடுபவருடையது. ஒருவர் 40 விநாடியில் விடையைப் பிடித்துவிடுவார். இன்னொருவர் அதே புதிரின் முன்னால் 20 நிமிடம் உட்கார்ந்திருப்பார். நீங்கள் போட்ட மெட்டு 2 நிமிடம் என்றால், விடை தெரியாமல் தவிக்கும் அந்த மனிதர் அதையே பத்து முறை கேட்டாக வேண்டும். நாலாவது சுற்றில் அது காதில் விழாது. ஏழாவது சுற்றில் எரிச்சல் மூட்டும். அந்த எரிச்சல் மெட்டின் மேல் போகாமல் உங்கள் புதிரின் மேல் போய் விழும்.

சினிமாவிலேயே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் உண்டு. 1954இல் ஏவிஎம் தயாரிப்பில் வெளிவந்த ‘அந்த நாள்’ ஒரு கொலைப் புதிர். ரேடியோ இன்ஜினியர் ஒருவரைச் சுட்டது யார் என்பதே கதை. அதில் ஒரு பாட்டுகூட இல்லை. தமிழில் பாடல்களே இல்லாமல் வந்த முதல் படம் என்று அதைச் சொல்கிறார்கள். அதை இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. இசையே வாழ்க்கையான ஒருவர், பார்வையாளர் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும்போது பாட்டு குறுக்கே வரக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறார். எழுபது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ பின்னணி இசையே இல்லாமல் திரையரங்குக்கு வந்தது. ஆட்டோ உறுமல், கட்டிவைத்த சேவலின் படபடப்பு, ஊர்ச் சத்தம் ஆகியவையே அதன் ஒலி. தமிழ் ரசிகருக்கு இசை இல்லாவிட்டால் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு படங்களையும் காட்டுங்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். நிதானமாக யோசித்து ஆடும் கம்ப்யூட்டர் புதிர்களில் பெரிய பெயர் எடுத்தது 1993இல் வந்த ‘மிஸ்ட்’. ஆளில்லாத தீவு, புரியாத இயந்திரங்கள், அவசரப்படுத்த ஒருவரும் இல்லாத நடை. அதை உருவாக்கிய ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் முதலில் இசையே வேண்டாம் என்றுதான் இருந்தார்கள். தீவு நிஜம் என்ற உணர்வை இசை கெடுத்துவிடும், கவனத்தைச் சிதறடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். சில இடங்களில் இசையைச் சேர்த்துப் பார்த்த பிறகு மனம் மாறினார்கள். ராபின் மில்லரே சுமார் 40 நிமிட இசையை சிந்தசைசரில் அமைத்தார். ஆனாலும் தீவு முழுவதும் இசை தொடர்ந்து ஓடுவதில்லை. நடக்கும்போது பெரும்பாலும் காற்றும் அலையும்தான் கேட்கும்; குறிப்பிட்ட இடங்களில்தான் மெல்லிய இசை எழும்.

2016இல் ஜோனதன் ப்ளோவின் குழு வெளியிட்ட ‘தி விட்னஸ்’ எதிர்த் திசையில் போனது. அதுவும் ஒரு தீவுதான். நூற்றுக்கணக்கான பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்தில் தொடங்கி வெளிவாசல் வரைக்கும் ஒரே கோடு இழுக்க வேண்டும். அங்கே பின்னணி இசை கிடையாது. சரளைக்கல்லில் காலடி ஒரு விதமாகவும் மரப்பலகையில் வேறு விதமாகவும் ஒலிக்கும். மூங்கில் காட்டுப் பகுதியில் பறவைக் குரல்களே புதிரின் குறிப்பு: குரல் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று கேட்டுத்தான் கோட்டை வளைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பியானோ மெட்டு ஓடிக்கொண்டிருந்தால் புதிரே செத்துப்போகும்.

அதே ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் இசை முழு பலத்தோடு வருகிறது. மலைக்கு அடியில், இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டால் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் இரண்டு இசைத்துண்டுகள் ஒலிக்கும். அவை முடிவதற்குள், ஏறத்தாழ ஆறரை நிமிடத்தில், வரிசையாகப் புதிர்களை அவிழ்த்தாக வேண்டும். அங்கே இசைதான் கடிகாரம். திரையில் எண் ஓட வேண்டிய தேவையே இல்லை. அத்தனை மணி நேரம் இசை இல்லாமல் நடந்த பிறகு வருவதால்தான் அது நெஞ்சை அடிக்கிறது. வேலை இல்லாத இடத்தில் இசை இல்லை, வேலை உள்ள இடத்தில் அதைத் தவிர வேறு எதுவும் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் ரசனை சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிரிட்டன், சுவீடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூன்று சொற்களைக் கொடுத்து மூன்றோடும் பொருந்தும் நாலாவது சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சட்டென்று மூளையில் விளக்கு எரிய வேண்டிய புதிர் வகை அது. பழகிய மொழிப் பாட்டு, புரியாத மொழிப் பாட்டு, பாடல் வரிகளே இல்லாத வாத்திய இசை என்று எதைப் போட்டாலும், அமைதியில் செய்ததைவிடக் குறைவாகத்தான் விடை கிடைத்தது. நூலகத்தில் கேட்கும் சாதாரண சலசலப்பு மட்டும் அப்படிக் கெடுக்கவில்லை. ஒரே சீராக இருக்கும் சுற்றுச் சத்தத்தை மூளை ஓரம் கட்டிவிடுகிறது. ஏறி இறங்கும் மெட்டை அப்படி விட முடிவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்த ஆய்வு சொற்புதிர்களைப் பற்றியது. வடிவப் புதிருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் காற்று, தண்ணீர், தெருச் சத்தம் ஆகியவற்றுக்கும் மெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்டம் செய்பவர்கள் மறக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

இசை மனதை இளைப்பாற்றும் என்று வாதிடுபவர்களுக்கு இன்னொரு ஆய்வு. இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவருடன் இருந்தவர்களும் 24 பேருக்குப் பல வகை இசையைக் கேட்கவைத்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இந்திய ராகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நடுவில் விடப்பட்ட 2 நிமிட இடைவெளியில்தான் உடல் மிக அதிகமாகத் தளர்ந்தது. இசைக்கு முன்பு இருந்த நிலையைவிடவும் துடிப்பு இறங்கியது. அப்படியென்றால் இளைப்பாறலுக்கு இசையும் தேவைப்பட்டது, அது நிற்பதும் தேவைப்பட்டது. விளையாட்டில் இதைக் கையாண்டவர்களும் இருக்கிறார்கள். ‘மைன்கிராஃப்ட்’டில் சி418 என்ற பெயரில் இசையமைத்த டேனியல் ரோசன்ஃபெல்டின் மெட்டு ஒன்று வரும், முடியும், பிறகு பல நிமிடம் எதுவும் வராது. அந்த இசையைப் பல ஆண்டுகள் கழித்தும் ஏக்கத்தோடு நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இடைவிடாமல் ஓடியிருந்தால் முதல் வாரத்திலேயே அணைத்திருப்பார்கள்.

நம்மிடமே இருக்கும் புதிர்களைப் பாருங்கள். கோயில் மண்டபத் தரையில் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு. பல்லாங்குழியில் புளியங்கொட்டையோ சோழியோ குழிக்குக் குழி விழும் சத்தம், கண்ணுக்கு முன்னால் காதுக்கு எண்ணிக்கை சொல்லிவிடும். கடைசிக் காய் விழுந்து கை வெறுமையாகும் அந்தக் கணம் சத்தத்திலேயே தெரியும். அதுதான் நல்ல ஒலி வடிவமைப்பு. யாரும் அதற்கு மெட்டுப் போடவில்லை.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்து, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1970களிலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ‘தி விட்னஸ்’ மாதிரி ஒன்றைச் செய்ய நினைக்கும் தமிழ்க் குழுவுக்கு இதைவிடப் பெரிய சொத்து வேண்டாம். அப்படி ஒரு கோல விளையாட்டைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன ஒலி?

விடியற்காலை வாசலுக்குப் போய்க் கேட்டாலே தெரியும். சீவக்கட்டை மண்ணைத் தள்ளும் சத்தம். வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்கும் சத்தம். பிறகு மாவு விரலிடுக்கில் இறங்கும்போது எதுவும் கேட்காது. அந்த நேரத்தில்தான் கை கணக்குப் போடுகிறது. தெருக்கோடியில் பால்காரர் வண்டி, மரத்தில் செம்போத்தின் ஊப்... ஊப், எங்கோ ஒரு வீட்டு ரேடியோவில் பக்திப் பாட்டு. ரேடியோ கொஞ்ச நேரம் கேட்கும், ஜன்னல் சாத்தினால் மங்கும். இவ்வளவும் உங்கள் போனிலேயே பதிவு செய்யக்கூடியவை. இலவச ஒலிக் கோப்புகளில் வரும் ஐரோப்பியக் காட்டுப் பறவைகள் நம் தெருவில் பாடுவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காலை உட்கார்ந்தால் காற்றும், தண்ணீர் படகில் மோதுவதும், பருவத்தில் பூநாரைக் கூட்டத்தின் இரைச்சலும் கிடைக்கும். பூண்டி நீர்த்தேக்கம் வேறு ஒலி தரும். இந்த மாவட்டத்துக்கு அந்த வளம் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். “அமைதி எல்லாம் சரி, கும்மிடிப்பூண்டியில் அமைதி எங்கே இருக்கிறது?”

உண்மைதான். ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைக்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். ரோலிங் மில்லில் வேலை முடித்து வருபவர், கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஏர்-ஹாரன் கேட்கும் அறையில் மூன்று பேரோடு தங்கியிருப்பவர், சென்ட்ரலுக்குப் போகும் லோக்கல் ட்ரெயினில் நின்றுகொண்டே ஆடுபவர்: இவர்கள்தான் உங்கள் முதல் ஆட்டக்காரர்கள். இவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அமைதி அவர்கள் காதை எட்டும்போது கம்ப்ரஸர் சத்தமாக மாறியிருக்கும்.

இதனால் இரண்டு விஷயம் ஆகிறது. இயர்போன் மாட்டியிருப்பவருக்கு, மென்மையான, ஏற்ற இறக்கம் குறைந்த ஒரு ஒலித்திரை உண்மையிலேயே உதவும். வெளி இரைச்சலை மூடி, தம்புரா சுருதி போல ஒன்று ஓடினால் யோசிக்க இடம் கிடைக்கும். அவருக்கு அதை மறுக்க வேண்டாம். ஆனால் ட்ரெயினில் இயர்போன் இல்லாமல் ஆடுபவர் பக்கத்து சீட்டுக்காரருக்காகச் சத்தத்தை முழுக்க அணைத்திருப்பார். அவருக்கு உங்கள் இசை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஒலி இல்லாமலே முழுதாக ஆட முடிகிற மாதிரி புதிர் அமைய வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே லூப் தீர்வு ஆகாது.

இன்னும் கனமான ஒன்றும் உண்டு. இரைச்சலால் வரும் காது கேளாமை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்றாக இருந்தது. அது வரும் விதம் ஒலி வடிவமைப்பாளருக்கு மிக முக்கியம். காது ஒரேயடியாக அடைப்பதில்லை. பொதுவாக 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உச்ச ஸ்தாயிதான் முதலில் போகும். பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். கொலுசுச் சத்தமும் கீச்சென்ற பறவைக் குரலும் மெல்ல நழுவிவிடும். புதிர் அவிழ்ந்ததும் பெரும்பாலான ஆட்டங்களில் ஒலிக்கும் அந்த மெல்லிய ‘டிங்’ எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று யோசியுங்கள். பத்து வருடம் பிரஸ் ஷாப்பில் நின்ற ஒரு ஃபிட்டருக்கு அது கேட்காமல் போகலாம். விடை சரிதான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

‘தி விட்னஸ்’ஸில் பறவைக் குரல் புதிர்கள் காது கேளாதவர்களுக்குச் சுவராக நின்றன. ஒரு சின்ன ஆறுதல்: அந்தத் தீவில் 11 ஒளிக்கற்றைகளில் 7 கிடைத்தாலே மலைக்குள் நுழையலாம். ஆகவே மூங்கில் காட்டை விட்டுவிட்டும் முடிவுக்குப் போக முடியும். உங்கள் ஆட்டத்தில் இதைவிட ஒரு படி மேலே போகலாம். ஒலியாகச் சொல்லும் ஒவ்வொரு குறிப்பையும் ஒளியாகவோ போன் அதிர்வாகவோ கூடவே சொல்லுங்கள். ‘டிங்’கை ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உருக்காலையும் பிரஸ் ஷாப்பும் சூழ்ந்த ஊரிலிருந்து வரும் விளையாட்டுக்கு இந்த அக்கறை முதலில் வர வேண்டும்.

இசையே வேண்டாம் என்று இந்த மடல் சொல்லவில்லை. டொரண்டோவில் தமிழர் ஒருவர் தலைமையிலான விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பாருங்கள். 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, அழிந்துபோன படிகளை ஊகித்துச் சமைக்கும் புதிர்கள். அங்கே இசை வருகிறது, அதுவும் தமிழ் சினிமாப் பாட்டுகளின் பல காலத்துப் பாணிகளில். காரணம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களின் சமையலறையில் பாட்டு அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி; ஆண்டு மாறும்போது பாட்டின் பாணி மாறிக் காலத்தையும் சொல்லிவிடுகிறது. அந்த ஆட்டம் 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. ஜோனதன் ப்ளோவே 2008இல் செய்த ‘பிரெய்ட்’டில் இசை உண்டு. காலத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் இசையும் பின்னோக்கி ஓடும். அங்கே அது புதிரின் விதியையே காதுக்குச் சொல்கிறது. ஒரே மனிதர், இரண்டு ஆட்டம், இரண்டு முடிவு.

செலவுக் கணக்கும் உண்டு. சாதாரண 128 கேபிபிஎஸ் எம்பி3யில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 எம்பி ஆகும். 40 நிமிடம் போட்டால் 40 எம்பி. சிறிய புதிர் விளையாட்டின் மற்ற எல்லாமும் சேர்ந்தே அந்த அளவு வராமல் போகலாம். தினசரி டேட்டா எண்ணிச் செலவழிப்பவர் டவுன்லோட் அளவைப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். போதாததற்கு, போன் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் தம்புராவின் மந்தரமும் கிட்டத்தட்ட காணாமல் போகும். லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு முடிவெடுத்த இசை, நாலாயிரம் ரூபாய் செகண்ட்-ஹேண்ட் போனில் தகரம் தட்டுவதாகக் கேட்கலாம்.

எனவே உங்களிடம் கேட்பது சில காரியங்கள். பி.ஜி.எம்.மைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், முதல் நிலையை வடிவமைக்கும்போதே ஒலிப்பட்டியல் ஒன்று எழுதுங்கள்: எந்த ஒலி எந்தச் செய்தியைச் சொல்கிறது, எது வெறும் நிரப்பல் என்று பக்கத்திலேயே குறியுங்கள். இசை, சுற்றுச் சத்தம், குறிப்பு ஒலி மூன்றுக்கும் தனித்தனி அளவுப்பட்டை வையுங்கள். முதல் திரையிலேயே வையுங்கள். 1989இல் கேம் பாய் ‘டெட்ரிஸ்’ ஆட்டம் தொடங்கும் முன்பே மூன்று மெட்டுகளைக் காட்டி, நாலாவதாக ‘இசை வேண்டாம்’ என்பதையும் அதே பெட்டியில் சமமாக வைத்தது. முப்பத்தைந்து வருடத்துக்கும் முந்தைய கறுப்பு வெள்ளைக் கருவியால் முடிந்தது உங்கள் போனால் முடியும். இசை போட்டால் அதற்கு முடிவும் இடைவெளியும் கொடுங்கள்; புதிருக்கும் புதிருக்கும் நடுவில் வரட்டும், ஆடுபவர் விரலை எடுத்து யோசிக்கத் தொடங்கினால் தானாகத் தணியட்டும்.

அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஆட்டத்தை இரண்டு போனில் ஏற்றுங்கள், ஒன்றில் இசையோடு, மற்றதில் ஊர்ச் சத்தத்தோடு மட்டும். வகுப்புத் தோழர்களிடம் மட்டும் கொடுத்தால் போதாது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருபவரிடம், செகண்ட் ஷிப்ட் முடித்த அண்ணனிடம், காலையில் கோலம் போடும் அம்மாவிடம் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து, யார் எந்த நிலையில் சத்தத்தைக் குறைத்தார்கள், யார் கூட்டினார்கள், யாருக்கு ‘டிங்’ கேட்கவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு உங்கள் இசையமைப்பாளரோடு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களுக்குக் காத்திருக்கும் பத்திரிகை வாசகர்கள் சார்பாக